கல்லை விற்ற ஊர்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் குளூனி என்றொரு சிற்றூர். மக்கள்தொகை ஐயாயிரத்தைத் தொட்டால் பெரிது. ரோம் நகரில் இன்றுள்ள புனித பேதுரு பேராலயம் எழும்வரை, கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய கோவில் இந்த ஊரில்தான் இருந்தது.

910இல் அக்விடேன் கோமகன் வில்லியம் இங்கே மடம் அமைக்க நிலம் கொடுத்தார். அது அவர் வேட்டைக்கு வந்து தங்கும் இடம். முதல் மடாதிபதி பெர்னோ, "வேட்டை நாய்களை அனுப்பிவிடுங்கள், துறவிகள் வரட்டும்" என்று கேட்டதாகக் கதை உண்டு. கதை எப்படியோ, சாசனம் கெட்டிக்காரத்தனமானது. மடத்துச் சொத்தில் அரசரோ பிரபுவோ, ஏன், போப்பாண்டவர்கூடக் கைவைக்க முடியாது. கேட்பார் இல்லாத அந்தச் சுதந்திரம்தான் குளூனியை வளர்த்தது. ஐரோப்பா முழுக்க நூற்றுக்கணக்கான கிளை மடங்கள் அதன் சொல்லுக்குக் கட்டுப்பட்டன.

நவம்பர் 2ஆம் தேதி நம்மூர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுகிறார்களே, அந்த நாளை இறந்தோர் அனைவருக்குமான நாளாகத் தம் மடங்களில் நிலைநிறுத்தியவர் குளூனி மடாதிபதி ஓடிலோ. அங்கிருந்துதான் அது திருச்சபையெங்கும் பரவியது.

1088இல் மடாதிபதி ஹ்யூ அந்தப் பெரிய கோவிலைக் கட்டத் தொடங்கினார். ஸ்பெயினிலிருந்து மன்னர் ஆறாம் அல்ஃபோன்சோ பொன் அனுப்பினார். 1095இல் பலிபீடத்தை அர்ச்சித்தவர், முன்பு இதே மடத்தில் துறவியாயிருந்த போப்பாண்டவர் இரண்டாம் உர்பான். கட்டி முடித்தபோது நீளம் 187 மீட்டர்.

பிரெஞ்சுப் புரட்சி துறவிகளை வெளியேற்றியது. கோவிலை இடித்ததும் புரட்சிதான் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. 1798இல் கோவிலை விலைக்கு வாங்கிய வியாபாரிகள், நடுக்கூடத்தின் குறுக்கே தெருவே போட்டார்கள். பிறகு கல் கல்லாக விற்பனை. 1823வரை, இருபத்தைந்து ஆண்டு, இடிப்பு நடந்தது. கோபவெறியில் யாரும் இத்தனை காலம் இடிப்பதில்லை. நெப்போலியன் காலத்துக் குதிரைப் பண்ணைக்கும் அந்தக் கற்கள் போயின.

இன்று மிஞ்சியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முக்கியமாகக் கோவிலின் குறுக்குக் கூடத்தின் தெற்குக் கையும் அதன்மேல் எண்கோணமாக எழும் தீர்த்தக் கோபுரமும் நிற்கின்றன. ஆனால் அந்தக் கூரையடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். பாலாடைக்கட்டிக் கோபுரம் என்று ஊரார் அழைக்கும் பழைய மதில் கோபுரத்தில் ஏறினால் ஊர் முழுதும் தெரியும். துறவிகளின் மாவுக் களஞ்சியத்தில், சிற்பம் செதுக்கிய தூண் தலைப்புகளை வைத்திருக்கிறார்கள்.

1928இல் அமெரிக்கர் கென்னத் கோனன்ட் அகழாய்வைத் தொடங்கி, அடித்தளத்தைத் தோண்டித் தேடி, கோவிலின் முழு வடிவத்தையும் தாளில் வரைந்தார். மடத்துக் கட்டடங்களில் இப்போது பொறியியல் கல்லூரி நடக்கிறது. அங்குள்ளவர்கள் அந்தக் கோவிலைக் கணினியில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். போகிறவர்கள் முதலில் அந்தக் கணினிப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். தெரு எங்கே, கூடம் எங்கே என்பது அப்போதுதான் பிடிபடும்.