முகநூலில் உங்கள் முகம்

(வளைகுடா நாடுகளுக்குப் புதிதாக வந்திருக்கும் தஞ்சக் கோரிக்கையாளர்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



வந்து இறங்கின உடனே எங்கட ஆக்கள் செய்யிற முதல் வேலை, புர்ஜ் கலீஃபாவுக்கு முன்னால நிண்டு படம் எடுத்து முகநூலில் போடுறது. ஊரில அம்மா பார்த்துச் சந்தோசப்படுவா எண்ட ஆசைதான். ஆனால் அந்தப் படத்தை அம்மா மட்டும் பார்க்கப் போறதில்லை. கடன் தந்தவர், கூட்டிவந்த ஏஜென்ற், நீங்கள் யாருக்குப் பயந்து வெளிக்கிட்டீங்களோ அவர்கள், நாளைக்கு உங்களை விசாரிக்கப்போகும் அதிகாரி, எல்லாரும் பார்க்கலாம்.

முதலில் நாங்கள் நிற்கிற இடத்தை விளங்கிக்கொள்ளுங்கள். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கட்டார், குவைத், பஹ்ரெய்ன், ஓமான் ஆகிய ஆறு நாடுகளில் ஒன்றுகூட 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் சேரவில்லை. 2012 இல் கடலில் மீட்கப்பட்டு டுபாய்க்குக் கொண்டுவரப்பட்ட இலங்கைத் தமிழர்களில் 19 பேரைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று 2013 ஏப்ரலில் மனித உரிமை அமைப்புகள் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. வேறு ஆக்களுக்கு அபராதத்தோட முடியிற ஒரு பிழை, உங்களுக்கு நாடுகடத்தலாக மாறலாம்.

அமீரகத்தின் 2021 ஆம் ஆண்டு 34 ஆம் இலக்க இணையக் குற்றச் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவரைப் படம் எடுத்துப் பரப்பி அவரது அந்தரங்கத்தை மீறினால், குறைந்தது 6 மாதச் சிறை, அல்லது 150,000 முதல் 500,000 திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும். விபத்தில் காயப்பட்டவரின் படமும் இதற்குள் அடங்கும். அறையில் படுத்திருக்கும் நண்பரை ரிக்ரொக் நேரலையில் காட்டுவது பகிடி இல்லை. வட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டுவதும் குற்றமாகலாம். அனுமதி இல்லாமல் முகநூலில் காசு சேர்ப்பதும் அப்படித்தான்.

பெயரை மாத்தி எழுதினால் தப்பலாமோ? கட்டாரில் காவலாளியாக வேலை செய்த கென்யா நாட்டவர் மல்கம் பிடாலி, புனைபெயரில் தொழிலாளர் நிலைமை பற்றி எழுதினார். 2021 மே மாதம் அவரைப் பிடித்தார்கள். பிடிபடுவதற்குச் சில நாட்களுக்கு முன், அவர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரு இணைப்பு ருவிற்றரில் அவருக்கு வந்திருந்தது. கடைசியில் 25,000 றியால் அபராதம். தவளை தன் வாயால் கெடும் எண்டு சொல்லுவினம். இந்தக் காலத்தில் போனாலும் கெடலாம்.

ஊரிலும் இதுதான் கதை. 2024 இல் மாவீரர் நாளை ஒட்டி முகநூலில் படங்கள் பகிர்ந்ததற்காக இலங்கையில் சிலர் கைது செய்யப்பட்டார்கள். நீங்கள் இங்கிருந்து போடுகிற படத்துக்கு அங்கே உங்கள் தம்பி பதில் சொல்ல வேண்டி வரலாம்.

சரி, அப்ப என்ன செய்யிறது?

1. கணக்கை நண்பர்களுக்கு மட்டும் எண்டு மாத்துங்கோ. நண்பர் பட்டியலையும் மறையுங்கோ. அதை வைச்சு உங்கள் குடும்பத்தைக் கண்டுபிடிக்கலாம்.

2. இருப்பிடத்தைக் காட்டும் வசதியை நிப்பாட்டுங்கோ. படத்தின் பின்னால் கடைப் பலகை, வீட்டு இலக்கம், வேலையிடச் சீருடை தெரியுதோ எண்டு பாருங்கோ.

3. நேரலை வேண்டாம். போட்ட படத்தை அழிக்கலாம். நேரலையைப் பார்த்தவர் பதிந்து வைத்தால் ஒண்டும் செய்ய ஏலாது.

4. கடவுச்சீட்டு, ஐ.நா. அகதிகள் ஆணையகக் கடிதம், உங்கள் இலக்கம் எதையும் படம் எடுத்துப் போடாதேங்கோ. ஆணையகத்தின் சேவைகள் இலவசம். “கனடாவுக்கு அனுப்புறன், காசு போடுங்கோ” எண்டு உள்பெட்டியில் எழுதுபவர் ஏமாற்றுக்காரர்.

5. தெரியாத இணைப்பை அழுத்தாதேங்கோ.

6. பழைய பதிவுகளை அவசரப்பட்டு அழிக்காதேங்கோ. உங்களுக்கு வந்த மிரட்டல்தான் உங்கள் வழக்குக்குச் சாட்சி. முதலில் பிரதி எடுத்து, சட்ட ஆலோசகருடன் கதையுங்கோ.

7. விசாரணையில் கேட்டால் கணக்கு இல்லை எண்டு பொய் சொல்லாதேங்கோ. அமெரிக்க விசாப் படிவம் 2019 முதல் கடந்த 5 ஆண்டுக் கணக்குப் பெயர்களைக் கேட்கிறது. சிரிச்ச முகத்தோட நிக்கிற படத்தைக் காட்டி “பயம் எண்டு சொன்னீரே?” எண்டு கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கோ. “அம்மா கவலைப்படக் கூடாது எண்டு போட்டனான்” எண்ட உண்மைக்கு ஒரு பெறுமதி இருக்கு. வேறு ஆளின் காருக்குப் பக்கத்தில் நிண்டு அது என்ரை எண்டு எழுதியிருந்தால், உங்கள் மற்றச் சொல்லையும் நம்பமாட்டினம்.

வழக்கைப் பலப்படுத்தலாம் எண்டு யாராவது சொல்ல, புதுசாக அரசியல் படம் போடத் தொடங்குவதும் வேண்டாம். அது வழக்குக்கு உதவாமல் போகலாம். ஆபத்து மட்டும் மிஞ்சும்.

ஏற்கனவே ஏதாவது போட்டுவிட்டு யோசிக்கிறவர்கள் வெட்கப்பட வேண்டாம். கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து போனைக் காட்டுங்கள். அம்மாவுக்குப் படம் அனுப்ப வேண்டுமென்றால் அம்மாவுக்கு மட்டும் அனுப்புங்கள். “இதை ஒருத்தருக்கும் அனுப்பாதேங்கோ அம்மா” எண்டும் சொல்லிவிடுங்கள்.