ஐந்து போனாலும் ஆறாவது இருக்கிறது

(நமது சங்கத்தின் விளையாட்டு விழாப் பரிசளிப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"விளையாட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் சார்" என்றார் செயலாளர். முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவனுக்கு விளையாட்டில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு ஓடத் தெரியாது, எறியத் தெரியாது, பார்க்கத் தெரியும். பணி ஓய்வுக்குப் பிறகு டி.வி.யில் தடகளப் போட்டிகளை விடாமல் பார்க்கிறேன். அதில் எனக்கு மிகவும் பிடித்தது பெண்கள் ஈட்டி எறிதல். அதைப் பற்றியே பேசுகிறேன்.

பெண்கள் எறியும் ஈட்டியின் எடை 600 கிராம். நீளம் இரண்டே கால் மீட்டர் அளவு. ஓடி வந்து, கோட்டைத் தாண்டாமல் எறிய வேண்டும். ஈட்டியின் முனைதான் முதலில் தரையைத் தொட வேண்டும். நான் சொல்லப்போகும் உலக சாம்பியன்ஷிப் போட்டிகளில் இறுதிச் சுற்றுக்கு 12 பேர் வந்தார்கள். ஆளுக்கு மூன்று முறை எறியலாம். அதில் முதல் எட்டு இடங்களில் இருந்தவர்களுக்கு இன்னும் மூன்று வாய்ப்பு கிடைத்தது. மொத்தம் ஆறு.

கணக்குப் பார்க்கும் முறைதான் எனக்கு ஆச்சரியம். ஆறையும் கூட்டிச் சராசரி எடுப்பதில்லை. தப்பாகப் போன எறிதலுக்கு மைனஸ் மார்க் கிடையாது. ஆறில் எது அதிக தூரமோ அது ஒன்றுதான் கணக்கு. இருவர் சமமாக வந்தால் மட்டும் அடுத்த சிறந்த எறிதலைப் பார்ப்பார்கள்.

நான் வேலை பார்த்த உலகம் இதற்கு நேர் எதிர். நாள் முழுக்க நூறு வவுச்சர் சரியாகப் போட்டிருப்போம். சாயங்காலம் ஒரு ரூபாய் இடித்தால், அந்த ஒரு ரூபாயைப் பற்றித்தான் மேனேஜர் கேட்பார். வங்கிக்கு அது சரி. ஊரார் பணம். ஆனால் வீட்டிலும் பிள்ளைகளிடம் நாம் அதே கணக்கைத்தான் பார்க்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இந்த ஆறாவது வாய்ப்பு என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று பாருங்கள். முதல் உலக சாம்பியன்ஷிப் 1983இல் ஹெல்சின்கியில் நடந்தது. பின்லாந்துக்காரர்களுக்கு ஈட்டி என்றால் உயிர். இங்கிலாந்தின் ஃபாத்திமா விட்பிரெட் 69.14 மீட்டர் எறிந்து முன்னணியில் இருந்தார். கடைசி வாய்ப்பில் பின்லாந்தின் டீனா லில்லாக் 70.82 எறிந்தார். அந்தப் போட்டிகளில் பின்லாந்துக்குக் கிடைத்த ஒரே தங்கம் அதுதான்.

2019, தோஹா. ஆஸ்திரேலியாவின் கெல்சி லீ பார்பர் ஐந்து எறிதல் முடிந்தபோது நான்காம் இடத்தில் இருந்தார். ஆறாவது 66.56 மீட்டர். நேராக முதலிடம். அதே இறுதிச் சுற்றில் நம் அன்னு ராணி எட்டாவதாக வந்தார். உலக சாம்பியன்ஷிப் ஈட்டி இறுதிச் சுற்றை எட்டிய முதல் இந்தியப் பெண் அவர். மீரட் பக்கத்துக் கிராமத்தில் கரும்பை எறிந்து பழகியவர்.

2023, புடாபெஸ்ட். கொலம்பியாவின் ஃப்ளோர் ருயிஸ் 65.47 எறிந்து முன்னணியில் இருக்கிறார். ஜப்பானின் ஹருகா கிடாகுச்சி நான்காம் இடம். பதக்கமே கையில் இல்லை. கடைசி எறிதலில் 66.73 மீட்டர், தங்கம்! எங்கள் வீட்டு சோபாவிலிருந்து நான் எழுந்துவிட்டேன். இந்தப் பெண் நல்ல பயிற்சியாளரைத் தேடித் தனியாக செக் நாட்டுக்குப் போய், அந்த மொழியையும் கற்றுக்கொண்டவர். 2021இல் தன் நாட்டிலேயே, டோக்கியோ ஒலிம்பிக்கில், இறுதிச் சுற்றில் காயத்தோடு எறிந்து பன்னிரண்டாவதாக வந்தார். பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவது!

பிள்ளைகளே, "கடைசி நாளில் படித்துக்கொள்ளலாம் என்று அங்கிள் சொன்னார்" என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். முதல் மூன்றில் ஒன்றையாவது ஓரளவு சரியாக எறிந்து எட்டுப் பேருக்குள் வந்தவர்களுக்குத்தான் ஆறாவது கிடைத்தது. இதே கிடாகுச்சி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் எறிதலிலேயே 65.80 எறிந்தார். கடைசி வரை யாராலும் அதைத் தாண்ட முடியவில்லை.

தோற்றவர்களையும் சொல்ல வேண்டும். 1983இல் கடைசி நிமிடத்தில் தங்கத்தை இழந்த விட்பிரெட், 1987 ரோம் உலக சாம்பியன்ஷிப்பில் 76.64 எறிந்து வென்றார். அன்னு ராணி 2023 புடாபெஸ்ட்டில் 57 மீட்டர் அளவிலேயே நின்று தகுதிச் சுற்றோடு வெளியேறினார். ஆறே வாரத்தில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 62.92 எறிந்து தங்கம் வாங்கினார். அந்தப் போட்டியில் ஈட்டியில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண்ணும் அவரே. புடாபெஸ்ட்டோடு போதும் என்று வீட்டில் யாராவது நிறுத்தியிருந்தால்?

இப்போது நம் குடியிருப்புக்கு வருகிறேன். இன்றைய போட்டிகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பெண் பிள்ளைகள் ஒன்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். மைதானத்துக்கு வந்தது இரண்டே பேர். பாக்கிப் பேர் எங்கே என்று விசாரித்தேன். டியூஷன் என்றார்கள், வெயில் என்றார்கள். ஒரு பாட்டி மட்டும் உண்மையைச் சொன்னார்: "போன வருஷம் கடைசியா வந்தா. எல்லாரும் சிரிச்சாங்க. இனிமே போகலேன்னுட்டா." எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. சிரித்தவர்கள் வேறு யாருமில்லை, இங்கே உட்கார்ந்திருக்கும் நாம்தான். பதினான்கு வயதில் ஒரே ஒரு ஓட்டத்தை வைத்து அந்தக் குழந்தையின் கணக்கை முடித்துவிட்டோம்.

காலையில் பந்து எறியும் போட்டியில் ஒரு சிறுமிக்குக் கை வழுக்கி, பந்து காலடியிலேயே விழுந்தது. ஒரே வாய்ப்பு என்பதால் ஓரமாக அனுப்பிவிட்டோம். நேரமில்லை, நடத்தியவர்கள் மேல் குறை இல்லை.

நிர்வாகக் குழுவுக்கு என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த வருடம் எறிதல், தாண்டுதல் போட்டிகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் மூன்று வாய்ப்பு கொடுங்கள். சிறந்ததை மட்டும் எழுதுங்கள். நேரம் கூடுதலாக ஆகும். ஸ்கோர் எழுத நான் வருகிறேன். கணக்கு எழுதிப் பழகிய கை. இரண்டாவது, மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை பின்பக்க மைதானத்தில் விருந்தினர் கார்களை நிறுத்த வேண்டாம். எறிய இடம் இருந்தால்தானே எறிவார்கள்?

பெற்றோருக்கு ஒன்றுதான். வராமல் போன அந்த ஏழு பேரில் உங்கள் வீட்டுப் பெண் இருந்தால், ஏன் வரவில்லை என்று திட்ட வேண்டாம். நாளைக்குச் சாயங்காலம் அவளோடு நீங்களும் கீழே இறங்கி வாருங்கள்.