பழைய பெட்டிக்கு ஒரு டிரைவர்

(நம் முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டிரைவர் தேடுவது பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் செயலாளர் சிரித்துவிட்டார். போடியில் டிரைவர் என்றால், விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுகிற ஜீப் டிரைவர்தான் யாருக்கும் ஞாபகம் வரும். அதில் தப்பே இல்லை. நான் சொல்கிற டிரைவருக்கும் ஏறக்குறைய அதே வேலைதான். வண்டி நல்ல வண்டியாக இருக்கலாம், ரோடும் நல்ல ரோடாக இருக்கலாம். அந்த 17 கொண்டை ஊசி வளைவும் தெரிந்த ஆள் ஸ்டியரிங்கில் இல்லையென்றால் வண்டி முந்தல் தாண்டாது. கம்ப்யூட்டரில் படம் காட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டு ஒரு பக்கம், விண்டோஸ் இன்னொரு பக்கம். இது பேசுவதை அதற்குப் புரியவைக்கிற சின்ன மென்பொருள்தான் டிரைவர்.

இதற்கு ஒரு மேடைப் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

நான் நம்ம ஊரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழில் செய்கிறவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஏலக்காய் வியாபாரம் செய்கிற ஒரு பெரியவர் பழைய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேறு யாரோ அதில் விண்டோஸ் எக்ஸ்பியைத் திரும்ப ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டி ஓடுகிறது. ஆனால் திரையில் 640க்கு 480 புள்ளி, வெறும் 16 நிறம். அவருடைய கணக்கு மென்பொருள் 1024க்கு 768 புள்ளிக்கு எழுதியது. அதன் கீழ்ப்பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. தேதி போட்டு லெட்ஜரைத் திறக்கிற பொத்தானே அந்தக் கீழ்ப்பாதியில்தான் இருக்கிறது!

"தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்கப்பா"ன்னு மகன் சொல்லிவிட்டார். பெரியவர் கேட்கவில்லை. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை நடந்துகொண்டிருந்த நேரம் அது. தோட்டக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம், ஆள் கூலி, எந்த ஏலத்தில் எந்த லாட் என்ன விலைக்குப் போச்சு என்று பல வருஷக் கணக்கு அதற்குள்ளே கிடக்கிறது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டலாமே என்றால், அந்த மென்பொருளுக்குப் பிரிண்டர் போர்ட்டில் செருகுகிற பூட்டு ஒன்று உண்டு. அது இருந்தால்தான் திறக்கும். இன்றைய கம்ப்யூட்டரில் அந்தப் போர்ட்டே கிடையாது. ஆக, அந்தப் பெட்டிதான் ஓட வேண்டும். அதுவும் முழுத்திரையோடு ஓட வேண்டும். ஒரு குடும்பத்தின் நியாயம் ஒரு டிரைவரில் வந்து நின்றது.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பெட்டியின் முகப்பில் ஒட்டியிருக்கிற கம்பெனிப் பெயரை வைத்து டிரைவர் தேடக்கூடாது. மை கம்ப்யூட்டரை வலது சொடுக்கி, டிவைஸ் மேனேஜருக்குள் போனால் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி போட்ட ஒரு வரி இருக்கும். அதன் விவரத்தில் இரண்டு எண் கிடைக்கும். முதலாவது, சிப்பைச் செய்தவர் எண். 8086 என்றால் இன்டெல். 1978-ல் அவர்கள் கொண்டுவந்த பிராசஸரின் பெயரையே எண்ணாக வாங்கிக்கொண்டார்கள். 1002 என்றால் ஏடிஐ, அதாவது இன்றைய ஏஎம்டி. 10டிஈ என்றால் என்விடியா. 1039 என்றால் சிஸ், 1106 என்றால் வியா, 5333 என்றால் எஸ்3. இரண்டாவது எண், அந்தக் கம்பெனியின் எந்த சிப் என்பதைச் சொல்லும். மனிதனுக்கு இன்ஷியலும் பெயரும் மாதிரி.

பெரியவர் பெட்டியில் 8086, 2572 என்று இருந்தது. அது இன்டெல் 865ஜி சிப்செட், 2003-ல் வந்தது. போர்டு யார் செய்தது என்பது முக்கியமில்லை. சிப் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் டிரைவரும் ஒன்றுதான். பழைய பிஐஓஎஸ், டிரைவர் கோப்புகள் பலவற்றை இன்டெல் 2019-ல் தன் தளத்திலிருந்தே எடுத்துவிட்டது. கடைசியில், நம்ம ஊரிலேயே வேறொரு நண்பர் வீட்டு அலமாரியில், வேறு கம்பெனி போர்டுடன் வந்த ஒரு சிடியில் அது கிடைத்தது. முதலில் சிப்செட்டுக்கான கோப்பு, பிறகு கிராஃபிக்ஸ் டிரைவர் என்று வரிசையாக ஏற்றினோம். திரை விரிந்தது. பெரியவர் திரையைப் பார்க்கவில்லை, லெட்ஜரைத்தான் பார்த்தார்.

சரி, இந்த டிரைவர்களெல்லாம் ஏன் காணாமல் போகின்றன? முதல் காரணம், செய்தவர்களே இல்லை. ஒரு காலத்தில் விளையாட்டுக் கார்டுகளின் ராஜாவாக இருந்த 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் சொத்துகளை என்விடியா வாங்கிக்கொண்டது. ஏடிஐயை 2006-ல் ஏஎம்டி வாங்கியது. எஸ்3 வியாவிடம் போய், அங்கிருந்து ஹெச்டிசி கைக்குப் போனது. கை மாறும்போது பழைய டிரைவரைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போகிறது.

இரண்டாவது காரணம் நமக்கு ரொம்ப எளிதாகப் புரியும். மதுரை–போடி ரயில் 2010 டிசம்பர் கடைசி வரைக்கும் மீட்டர் கேஜ். தண்டவாளத்தின் அகலம் ஒரு மீட்டர். அதை 1.676 மீட்டர் அகலப் பாதையாக்கி, மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூனில். அந்தப் பழைய எஞ்சினை இந்தப் புதுப் பாதையில் ஓட்ட முடியுமா? எஞ்சினில் கோளாறு இல்லை. பாதையின் அளவு மாறிவிட்டது. விண்டோஸிலும் இதே கதைதான். 2007-ல் விஸ்டா வந்தபோது கிராஃபிக்ஸ் டிரைவர் எழுதுகிற முறையையே மாற்றினார்கள். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது பழைய முறையை அடியோடு எடுத்துவிட்டார்கள். 2004-ல் வந்த இன்டெல் 915ஜிக்குப் புது முறையில் டிரைவர் எழுதப்படவே இல்லை. திருப்பியும் அப்படித்தான்: என்விடியா எக்ஸ்பிக்கு டிரைவர் கொடுப்பதை 2016-உடன் நிறுத்திக்கொண்டது. அதற்குப் பின் வந்த கார்டை எக்ஸ்பி பெட்டியில் செருகினால் அது வெறும் தகரம்தான்.

தேடுகிறவர்களுக்குச் சில வார்த்தை. முதலில் ஹார்டு டிஸ்க்கை முழுசாக ஒரு பிரதி எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இரண்டாவது, "உங்கள் டிரைவரை நாங்களே கண்டுபிடித்துத் தருகிறோம்" என்று கூவுகிற மென்பொருள்கள் பலவற்றில் வேண்டாத சரக்கு ஒளிந்திருக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற நூலகத்தில் பழைய போர்டு சிடிகளை அப்படியே வைத்திருக்கிறார்கள், அங்கே தேடுங்கள். எதை எடுத்தாலும் வைரஸ் சோதனை செய்துவிட்டு ஏற்றுங்கள். மூன்றாவது, எதுவுமே கிடைக்காவிட்டால் வெசா தரத்தை ஒட்டி எழுதிய விபிஇஎம்பி என்ற பொது டிரைவர் இருக்கிறது. வேகம் இருக்காது, ஆனால் திரை பெரிதாகும். கணக்குப் பார்க்க அது போதும். நான்காவது, எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8-உடன் முடிந்தது. அந்தப் பெட்டியை நெட்டில் இணைக்காதீர்கள்.

லினக்ஸ் போடலாமே என்று கேட்கிற தம்பிகளுக்கும் பதில் சொல்லவேண்டும். நல்ல வழிதான். அதில் பெரும்பாலான டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கும், சிடி தேட வேண்டாம். சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியில் வந்தது உங்கள் அண்ணன் அக்காக்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் அங்கேயும் கழித்துக் கட்டுகிறார்கள். 2023-ல் வந்த கெர்னல் 6.3-ல் சிஸ், வியா, எஸ்3 சாவேஜ் போன்றவற்றின் பழைய முப்பரிமாண டிரைவர்களை எடுத்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் பழைய 32 பிட் பெட்டிக்கு நிறுவும் சிடியே இல்லை. அதனால் பழைய பெட்டிக்குப் பழைய லினக்ஸையும் பத்திரப்படுத்த வேண்டியிருக்கிறது.

இது ஏதோ தாத்தா காலத்து விஷயம் என்று நினைக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசஸர் வேண்டும். உங்களில் பலர் கையில் இருக்கிற லேப்டாப் நாளைக்கு அந்தப் பெரியவரின் பெட்டிதான். இன்றைக்கே அதன் டிரைவர்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அந்த இரண்டு எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி லேப்டாப் பைக்குள் போட்டு வையுங்கள். பத்து நிமிஷ வேலை.

நிறைவாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் எத்தனையோ பேர் வீட்டில், கடையில், தோட்டத்து ஸ்டோரில் பழைய போர்டு சிடிகள் தூசி படிந்து கிடக்கின்றன. சிடியும் நாளாக நாளாகக் கெட்டுப்போகும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒன்றிரண்டு கொண்டுவாருங்கள். கணினித் துறை மாணவர்கள் அவற்றை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, எண் வாரியாகப் பட்டியல் போடட்டும். ஒன்று கல்லூரியில் இருக்கட்டும், இன்னொன்று சங்கத்திடம் இருக்கட்டும். கூடலூரோ கம்பமோ பூப்பாறையோ, யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்கலாம். செலவு ரொம்ப இல்லை. ஆர்வமுள்ள மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். என் கடையில் இருக்கிற சிடிகளை முதல் தவணையாகக் கொண்டுவந்திருக்கிறேன், பை பின் வரிசையில் இருக்கிறது.