வாங்க முதல் வீட்டைப் பாருங்கோ

(எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை. அவருடைய பேச்சு நடையைப் பெரிதாக மாற்றாமல் இங்கே தருகிறோம்.)



நான் மேடையில் பேசிப் பழகின ஆள் இல்லை. ஊரில் ஏ.எல். மட்டும் படிச்சனான். இங்கே ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை. வீடு வாங்கிறதைப் பற்றிக் கதைக்கச் சொல்லிச் செயலாளர் கேட்டபோது, "எங்கட ஆக்களுக்குள்ளை எத்தினை ஏஜென்ற்மார் இருக்கினம், அவையைக் கூப்பிடுங்கோவன்" என்று சொன்னேன். "அவை விக்கிற ஆக்கள் தம்பி. வாங்கின ஒராள் கதைக்க வேணும்" என்றார். அதனால் வந்து நிற்கிறேன்.

வீடு வாங்கிறதில் மோட்கேஜ் இருக்கிறது, வட்டி இருக்கிறது, லோயர் இருக்கிறார். நான் அதுகளுக்குள் போகவில்லை. ஹோம் இன்ஸ்பெக்சன், அதாவது வாங்க முதல் வீட்டைப் பரிசோதிக்கிறது, அந்த ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் வேலை செய்கிற இடத்துக்குப் பிளாஸ்ரிக் மணிகள் பெரிய பைகளில் லொறியில் வரும். வந்த உடனே பாவிக்க விடமாட்டார்கள். தரம் பார்க்கிற பிள்ளை ஒருத்தி வந்து, ஒரு பிடி எடுத்து ஈரம் பார்ப்பாள், நிறம் பார்ப்பாள், பேப்பரில் உள்ள இலக்கமும் பையில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பார்ப்பாள். அவள் கையெழுத்து வைச்சால்தான் மணி மெசினுக்குப் போகும். பத்து வருசமாகத் தருகிற கொம்பனி என்ற கதையெல்லாம் அங்கே எடுபடாது. சில ஆயிரம் டொலர் சாமானுக்கே இந்தப் பாடு. நாங்களோ ஏழு எட்டு லட்சம் டொலர் வீட்டை இருபது நிமிசம் சுத்திப் பார்க்கிறோம், குசினிக் கல்லைத் தடவிப் பார்க்கிறோம், கையெழுத்து வைக்கிறோம். இது என்ன நியாயம்?

ஊரில் எங்கட பெரியாக்கள் இப்படிச் செய்யவில்லை. காணி வாங்கிறதெண்டால் நொத்தாரிசிட்டைப் போய் உறுதி பாத்தினம். கிணத்துத் தண்ணியை அள்ளி வாயில் விட்டு, உவரோ நன்னீரோ எண்டு பாத்தினம். மாரி வெள்ளத்தில் எந்தக் கிணறும் நிறைஞ்சுதான் இருக்கும், சித்திரை வெயிலிலையும் தண்ணி நிக்குதோ எண்டு விசாரிச்சினம். வீட்டோடை காணி எண்டால் மேசனைக் கூட்டிக்கொண்டு போய், வளையைத் தட்டிப் பாத்து, கறையான் ஏறியிருக்கோ எண்டு பாத்துத்தான் விலை பேசினம். ஆகவே ஹோம் இன்ஸ்பெக்சன் வெள்ளைக்காரர் கண்டுபிடிச்ச புதுப் பழக்கம் இல்லை. எங்கட அப்புவும் ஆச்சியும் செய்ததுதான்.

பிறகு ஏன் இங்கே வந்து அதைக் கைவிட்டோம்? நான் நினைக்கிறேன், நாங்கள் வீடு இழந்த சனம். என்ர அப்பா அம்மா 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பினவை. நான் வளர்ந்தது முழுக்க மற்றவையின்ர வீட்டில். இங்கே வந்தும் பேஸ்மென்ற் வாடகை. எங்களுக்கெண்டு ஒரு கதவு, அதுக்கு ஒரு திறப்பு, அது வேணும் என்ற ஆசை எங்களுக்கு மற்றச் சனத்தைவிடக் கூட. அந்த ஆசை கண்ணை மறைக்கும். விக்கிற ஆக்களுக்கும் அது நல்லாத் தெரியும்.

எங்கட கதையைச் சொல்கிறேன். 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலும் ரொறன்ரோப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பல பேர் போட்டி போட்டுக் கேட்ட காலம். எங்கட ஏஜென்ற் ஒரு தமிழ் அண்ணை. "தம்பி, கண்டிசன் போட்டால் உம்மட ஓஃபரைத் திரும்பியும் பாக்க மாட்டாங்கள். இன்ஸ்பெக்சனை விடும். நல்ல வீடு, நான் சொல்லுறன்தானே" என்றார். "அண்ணை, உங்களை நம்பிறன். ஆனால் கூரையிலை நீங்கள் ஏறிப் பாக்கேல்லைத்தானே" என்று சொன்னேன். இரண்டு வீடு அப்படியே கைவிட்டுப் போனது. இரண்டாவது வீட்டில் பிள்ளையின்ர அறைக்கு என்ன நிறம் பூசிறதென்றுகூட என்ர மனிசி யோசிச்சு வைச்சிருந்தவ. "இஞ்சருங்கோ, எல்லாரும் வாங்கினம். எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சட்டம்?" எண்டு கேட்டு அழுதா. மாமி ஒரு கிழமை என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

ஆனால் எங்கட காசு என்ன காசு? நானும் மனிசியும் பதினொரு வருசம் ஓவர்டைம் செய்த காசு. தம்பி தந்த 20,000 டொலர். சீட்டு எடுத்த காசு. அது ஒருக்காப் போனால் இன்னொரு பதினொரு வருசம் எங்களிடம் இல்லை.

2022 மார்ச்சில் இருந்து வட்டி ஏறத் தொடங்கியது. மத்திய வங்கியின் வட்டி கால் வீதத்தில் இருந்து 2023 ஜூலையில் 5 வீதத்துக்கு வந்தது. வட்டி ஏற வீடு கேட்கிற ஆக்கள் குறைந்தார்கள், கண்டிசனையும் ஏற்றுக்கொண்டார்கள். 2023 வசந்த காலத்தில் 1969இல் கட்டின ஒரு செங்கல் வீட்டுக்கு ஓஃபர் போட்டோம். இன்ஸ்பெக்சனுக்கு ஐந்து வேலை நாள் கண்டிசன்.

பரிசோதகர் ஒரு வயசு போன மனிசன். ஏணி, ரோச் லைற், ஈரம் பார்க்கிற கருவி எல்லாம் கொண்டு வந்தார். மூன்று மணித்தியாலம் நின்றார். நானும் மனிசியும் அவருக்குப் பின்னாலேயே திரிந்தோம். பேஸ்மென்ற் சுவருக்குப் புதுப் பெயின்ற் அடிச்சிருந்தது, பார்க்க வடிவாக இருந்தது. கருவியை மூலையில் வைக்க ஈரம் காட்டியது. கரன்ற் பனலைத் திறந்தார். உள்ளே அலுமினிய வயர். 1960களின் நடுவில் இருந்து 1970களின் கடைசி வரை கட்டின வீடுகள் பலவற்றில் செம்புக்குப் பதிலாக இந்த வயர்தான் போட்டார்கள். அது இணைப்புகளில் இளகிச் சூடாகி நெருப்புப் பிடிக்கக் கூடியது. திருத்தலாம். ஆனால் திருத்தி, மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபையின் பத்திரம் காட்டினால்தான் பல காப்புறுதிக் கொம்பனிகள் வீட்டை ஏற்கும். காப்புறுதி இல்லை என்றால் வங்கி காசு தராது. இது எங்கே போய் முடியுது என்று பாருங்கோ. சுவருக்குள் இருக்கிற ஒரு வயர், கடைசி நாளில் உங்கட மோட்கேஜையே நிப்பாட்டிவிடும்.

கீழே வாடகைக்கு விட்டு மோட்கேஜ் கட்டலாம் என்று நாங்களும் கணக்குப் போட்டிருந்தோம். கீழ் அறை யன்னலைப் பரிசோதகர் காட்டினார். நெருப்புப் பிடிச்சால் ஒரு பிள்ளைகூட அதுக்குள்ளால் வெளியே வர முடியாது. மனிசி அதைப் பார்த்தவுடனேயே, "இதுக்குள்ளை ஒரு குடும்பத்தை இருத்திப்போட்டு நான் மேலை நித்திரை கொள்ள மாட்டன்" எண்டு சொன்னா.

விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டோம். விக்கிறவர் மறுத்தார். விட்டுவிட்டு வந்தோம். இரண்டு பகுதியும் விடுவிப்புப் பத்திரத்தில் கையெழுத்து வைச்ச பிறகு டிப்போசிற் முழுக்கத் திரும்பி வந்தது. பரிசோதகருக்குக் குடுத்த 600 டொலர்தான் போனது. வேலையிடத்தில் சிரிச்சாங்கள், "600 டொலரைத் தண்ணியிலை போட்டிட்டாய்" எண்டு. ஈரச் சுவரையும் அந்த வயரையும் நான் வாங்கவில்லை. அதுக்கு 600 டொலர் மலிவு.

அந்த வருசக் கடைசியில் இப்ப இருக்கிற வீடு அமைந்தது. அதிலும் இன்ஸ்பெக்சன் செய்தோம். அதிலும் குறை இருந்தது. கூரைத் தகடுகள் ஓரம் சுருண்டு வயசு போய்விட்டது, வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் 19 வருசம் பழசு, வளவு மண் வீட்டுப் பக்கம் சரிஞ்சிருந்தது. அறிக்கையைக் காட்டி 9,000 டொலர் குறைத்து வாங்கினோம். மண்ணை நானே நிரப்பி வெளிப்பக்கம் சரிவாக்கினேன், பீலித் தண்ணி வீட்டுக்குத் தூரமாக விழக் குழாய் நீட்டினேன். 200 டொலரும் போகவில்லை. 2024 ஜூலை 16இல் பெய்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் 98 மில்லிமீற்றர் அளவு. டொன் வலி நெடுஞ்சாலையே தண்ணிக்குள் நின்றது. எங்கட பேஸ்மென்ற் காய்ஞ்சு கிடந்தது. இன்ஸ்பெக்சன் என்கிறது குறை இல்லாத வீடு தேடுகிற வேலை இல்லை. அப்படி ஒரு வீடு கிடையாது. எந்தக் குறையை என்ன விலைக்கு வாங்குகிறோம் என்று தெரிஞ்சு வாங்குகிற வேலை.

இனிச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ஒன்ராறியோவில் கண்ணுக்குத் தெரியக் கூடிய குறையைப் பார்க்கிறது வாங்கிறவரின் பொறுப்பு. விக்கிறவர் தனக்குத் தெரிஞ்ச, வீட்டில் இருக்கவே முடியாத அளவு ஆபத்தான, மறைஞ்ச குறையை ஒளிக்கக் கூடாது. ஆனால் அவருக்கு அது தெரியும் என்று கோட்டில் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். லோயர் செலவை யோசியுங்கோ. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023 ஜனவரி முதல், வாங்கிறவர் மனம் மாறினால் மூன்று வேலை நாளுக்குள், விலையின் கால் வீதத்தைக் கட்டிவிட்டு, விலகலாம். இங்கே ஒரு ஆள் இருந்த வீட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கண்டிசன் இல்லாமல் வைச்ச கையெழுத்து, வைச்சதுதான்.

பரிசோதகரை எப்படிப் பிடிக்கிறது? பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2009இல் இருந்தும் அல்பேர்ட்டாவில் 2011இல் இருந்தும் இந்தத் தொழிலுக்கு லைசன்ஸ் வேண்டும். ஒன்ராறியோவில் 2017இல் சட்டம் நிறைவேற்றியும் அது வருசக் கணக்காக நடைமுறைக்கு வராமல் கிடந்தது. ஆகவே நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். பரிசோதகர் சங்கத்தில் அங்கத்தவரா, தன்ர பிழைக்குக் காப்புறுதி வைச்சிருக்கிறாரா, முந்தி எழுதின அறிக்கை ஒன்றைக் காட்டுவாரா என்று கேளுங்கோ. ஏஜென்ற் ஒருவரைச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, நீங்களும் இரண்டு பேரை விசாரியுங்கோ. விக்கிறவர் தானே செய்விச்ச அறிக்கையைத் தந்தால் வாசியுங்கோ, அதோடு நிக்காதேங்கோ. அந்தப் பரிசோதகருக்குக் காசு குடுத்தவர் அவர், நீங்கள் இல்லை.

பரிசோதகரும் கடவுள் இல்லை. அவர் சுவரை உடைச்சுப் பார்க்க மாட்டார், அலுமாரியை இழுத்துப் பார்க்க மாட்டார். பழைய வீடென்றால் நிலத்துக்குக் கீழ் போகிற கழிவுக் குழாயைக் கமரா விட்டுப் பார்க்க வேறு ஆள் பிடிக்க வேண்டும். விறகு அடுப்பு இருந்தால் அதுக்கு வேறு பரிசோதனை. 1990களின் நடுவில் இருந்து 2007 வரை கட்டின சில வீடுகளிலும் கொண்டோக்களிலும் கைடெக் என்ற தண்ணிக் குழாய் இருக்கிறது. அது காலம் போக வெடிக்கிறதால் வழக்கே நடந்தது. அந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்கோ.

கீழ் வீட்டில் யாரையாவது இருத்தப் போகிறீர்கள் என்றால் அதை முதலே பரிசோதகருக்குச் சொல்லுங்கோ. வெளியேறுகிற வழி, யன்னல், ஒவ்வொரு தட்டிலும் படுக்கை அறைக்கு வெளியிலும் புகை அலாரம், கார்பன் மொனொக்சைட் அலாரம், எல்லாம் பார்க்கச் சொல்லுங்கோ. வாடகைக்கு விடச் சட்டப்படி அனுமதி இருக்கா என்று நகரசபையிலும் கேளுங்கோ. அங்கே வந்து இருக்கப் போறதும் எங்களை மாதிரி நேற்று வந்த ஒரு குடும்பம்தான்.

போட்டி கூடி, கண்டிசன் போட முடியாத காலம் திரும்பவும் வரலாம். அப்படி என்றால் ஓஃபர் போட முதலே, விக்கிறவரின் அனுமதியோடு, பரிசோதகரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அதுக்கும் விடவில்லை என்றால் அந்த வீட்டை விடுங்கோ.

கடைசியாக ஒன்று. ஆங்கில அறிக்கை 40, 50 பக்கம் வரும். விளங்காது என்று மூலையில் வைக்காதேங்கோ. சங்கத்துக்குக் கொண்டு வாருங்கோ. சனிக்கிழமை பின்னேரங்களில் நான் இங்கே நிற்பேன், இருந்து வாசிச்சு விளங்கப்படுத்துவேன். பரிசோதனைக்குத் துணையாக வரச் சொன்னாலும் வருவேன். காசு வேண்டாம், ஒரு பிளேன்ரீ போதும்.

இந்தப் புத்தாண்டில் வீடு வாங்க நினைச்சிருக்கிற எல்லாருக்கும் நல்ல வீடு அமைய வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.