கணக்கில் வராத இழப்பு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஜெர்மனியில இத்தனை வருஷம் இருந்துட்டு வந்திருக்கே, ஏதாவது பேசுப்பா" என்று நம் செயலாளர் சொன்னார். ஜெர்மனியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். ஆகவே ஒரே ஒரு காரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். கடைசியில் ஒரு கோரிக்கையும் உண்டு. பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கார் பி.எம்.டபிள்யூ 325 டி.டி.எஸ். 1993-ல் வெளிவந்தது. நான் 1994 மாடல் வண்டி ஒன்றை 1998-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். மியூனிக் நகரத்துக்கும் ஆக்ஸ்பர்க் நகரத்துக்கும் நடுவே ஒரு சிற்றூரில் எங்கள் வீடு. இந்த ஆக்ஸ்பர்க்கில்தான் ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினை உருவாக்கி, 1897-ல் ஓட்டிக் காட்டினார். எரிபொருளின் சக்தியில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றிய எஞ்சின் அது. அன்றைய நீராவி எஞ்சின்கள் அதன் பக்கத்தில் வர முடியவில்லை. அந்த எஞ்சின் மியூனிக் டாய்ச்சஸ் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு அது ஒரு க்ஷேத்திரம் மாதிரி.

ஆனால் டீசல் காருக்கு வெகு காலம் மரியாதை கிடையாது. 1936-ல் மெர்சிடிஸ் 260 டி வந்தது முதல் டீசல் என்றால் டாக்ஸி, விவசாயி, ரொம்ப தூரம் ஓட்டுகிற வியாபாரப் பிரதிநிதி, அவ்வளவுதான். நம் ஊரில் டீசல் அம்பாசிடரில் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி தெருமுனை திரும்பும்போதே வீட்டில் காபி போட ஆரம்பித்துவிடுவார்கள், சத்தம் அப்படி. வேகத்துக்குப் பேர்போன பி.எம்.டபிள்யூ தன் முதல் டீசல் காரை 1983-ல்தான் கொண்டு வந்தது. 524 டி.டி. என்று பெயர்.

325 டி.டி.எஸ். அதற்குத் தம்பி. மேனேஜர் பதவியில் இருப்பவர் ஆபீசுக்கு ஓட்டிப் போகிற அளவான செடான். பெயரில் முதல் 'டி' டர்போ, இரண்டாவது 'டி' டீசல், 'எஸ்' வந்தால் கூடவே இன்டர்கூலர் இருக்கிறது என்று அர்த்தம். வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டரை லிட்டர். எஞ்சின் ஆஸ்திரியாவில் ஸ்டையர் என்ற ஊரில் தயாரானது.

மாணவர்களுக்காக ஒரு நிமிஷம் விளக்கிவிடுகிறேன். டீசலில் பொறி கிடையாது. காற்றை மட்டும் அமுக்குகிறோம். இந்த எஞ்சினில் 22 பங்கு காற்று ஒரு பங்காகச் சுருங்கும். சுருங்கும்போது 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். வெளியே போகிற புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, உள்ளே அதிகக் காற்றைத் தள்ளுவது டர்போ. தள்ளும்போது காற்று சூடாகிறது, சூடானால் விரிகிறது, அப்போது சிலிண்டரில் எடை குறைந்த காற்றுதான் நிறையும். அதை நடுவிலே குளிர வைப்பது இன்டர்கூலர்.

இதே இரண்டரை லிட்டர் எஞ்சின், இன்டர்கூலர் இல்லாத 325 டி.டி.யில் 115 குதிரைத்திறன் கொடுத்தது. இன்டர்கூலர் வைத்த டி.டி.எஸ்.ஸில் 143. எலக்ட்ரானிக் பம்ப் அளந்து ஊற்றும். மணிக்கு 210 கிலோமீட்டருக்கு மேல் போகும். நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 14, 15 கிலோமீட்டர் கிடைக்கும். டீசலுக்கு அங்கே பெட்ரோலைவிட வரி குறைவு. நெடுஞ்சாலையில் இடது லேனில் போய்க்கொண்டிருக்கும்போது, "இது டீசலா!" என்று கூட வந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்கும்போது நமக்கும் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கும்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்த எஞ்சினில் எண்ணெய் நேரே சிலிண்டரில் போய் விழாது. மேலே ஹெட்டில் ஒரு சின்னச் சுழல் அறை, அதில்தான் முதலில் பற்றும். அங்கிருந்து தீ சிலிண்டருக்குள் பாயும். இதனால் சத்தம் குறைவு, ஓட்டம் மிருது. ஆனால் அந்த அறையின் சுவர் வெப்பத்தைத் தின்றுவிடும். ஆடி கம்பெனி 1989-லேயே ஆடி 100 காரில் நேரடியாகச் சிலிண்டரில் பீய்ச்சும் டி.டி.ஐ. எஞ்சினைக் கொண்டுவந்துவிட்டது. 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156-ல் காமன் ரெயில் வந்தது. 1998-ல் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தில் பி.எம்.டபிள்யூவின் டீசல் காரே முதலிடம் பெற்றது. 24 மணி நேரப் பந்தயம் ஒன்றில் டீசல் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் ஜெயித்தது நேரடி முறை 320 டி. சுழல் அறை முறை மெருகேறி உச்சத்துக்கு வந்த நேரத்தில், அதன் காலம் முடிந்துபோயிருந்தது.

இதுவரை சொன்னது பெருமைக் கதை. இனி மறுபக்கத்துக்கு வருகிறேன்.

நம் ஐ.சி. எஞ்சின் லேபை நினைத்துப் பாருங்கள். ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், பிரேக் டிரம், கயிறு, ப்யூரெட், ஸ்டாப் வாட்ச். எத்தனை சி.சி. டீசல் எத்தனை செகண்டில் இறங்கியது என்று ஒருத்தன் கத்துவான், இன்னொருத்தன் எழுதுவான். கடைசியில் ஹீட் பேலன்ஸ் ஷீட். வேலையாக மாறியது இவ்வளவு, குளிர்நீரில் போனது இவ்வளவு, மிச்சம் என்ன? "எக்ஸாஸ்ட் அண்ட் அன்அக்கவுண்டட் லாஸஸ்". நூறிலிருந்து கழித்து அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டு, சாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடிவிடுவோம். பாடத்திட்டம் அதற்குமேல் கேட்கவில்லை. புகை ஜன்னல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

கணக்கில் வராத அந்தக் கட்டத்தில் என்ன இருந்தது? ஐரோப்பாவில் 1992-ல் வந்த யூரோ 1 விதிப்படி ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 0.14 கிராம் வரை கரித்தூள் விடலாம். நான் 1998-லிருந்து 2012 வரை ஓட்டியது சுமார் 2,10,000 கிலோமீட்டர். அந்த வரம்பிலேயே ஓடியது என்று வைத்துக் கணக்குப் போட்டால் 29 கிலோ வருகிறது. அரிசிக் கடையில் 25 கிலோ சிப்பம் பார்த்திருப்பீர்கள், அதற்கும் மேலே. 2009-ல் வந்த யூரோ 5 விதியின்படி வரம்பு 0.005 கிராம். அதே தூரத்துக்கு ஒரு கிலோ சொச்சம். வண்டி ஒன்று, ரோடு ஒன்று, புகைக்குழாயில் ஒரு வடிகட்டி வைத்தால் அத்தனை வித்தியாசம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012 ஜூனில் டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று முதல் பிரிவில் வைத்தது. அதே 2012 அக்டோபரில் மியூனிக் நகரின் நடுப்பகுதிக்குள் பச்சை ஸ்டிக்கர் இல்லாத வண்டிகளுக்கு அனுமதி நின்றது. என் காரோ அந்த ஸ்டிக்கரே கிடைக்காத ரகம். அதன்பின் ஆபீசுக்கு ரயிலில் போனேன், கார் ஊருக்குள் மட்டும் ஓடியது. 2015-ல் வோல்க்ஸ்வாகன் விவகாரம் வெடித்தது. சோதனையின்போது மட்டும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்துக் காட்டுகிற சாஃப்ட்வேர். ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதுகிற வித்தை எந்தக் கல்லூரி லேபுக்கும் புதிதல்ல. ஆனால் லேபில் போனது ரெண்டு மார்க், அங்கே போனது ஊர் குடிக்கிற காற்று.

2024-ல் என் காருக்கு முப்பது வயது நிரம்பியது. ஜெர்மனியில் ஒரு சட்டம் உண்டு. முப்பது வயது கடந்து, பழைய நிலை மாறாமல் பராமரித்த வண்டிக்கு, நம்பர் பிளேட்டில் கடைசியாக 'எச்' என்று ஒரு எழுத்து வாங்கலாம். வரலாற்றுச் சின்னம் என்று அர்த்தம். வருஷ வரி 191 யூரோதான். ஸ்டிக்கர் இல்லாமலே நகருக்குள் போகலாம். நண்பர்கள் எல்லாம், "வாங்கிடு, உன் காருக்கு நல்ல விலையும் வரும்" என்றார்கள். என் மகள் மட்டும், "கார் பழசாயிடுச்சு சரிப்பா, புகையும் பழசாயிடுமா?" என்று கேட்டாள். அவள் இரண்டு வயதுக் குழந்தையைக் கையில் வைத்திருந்தாள்.

சட்டம் இடம் கொடுத்தது. அருமையாகப் பராமரித்த வண்டியை ரோட்டில் வைத்திருப்பதில் நியாயமும் இருந்தது, ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் ஊர் ஒன்றும் கெட்டுவிடாது. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. பதிவை ரத்து செய்துவிட்டு, பக்கத்து ஊர்த் தொழிற்பயிற்சிப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டேன். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் அந்த எஞ்சினை அறுத்துத் திறந்து, சுழல் அறையை விரலால் தொட்டுப் பார்க்கிறார்கள். அந்த எஞ்சினுக்கு அதைவிட நல்ல கௌரவம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நண்பர்களே, இந்த அரங்கில் பாதிப்பேர் டீசலால் சோறு சாப்பிட்டவர்கள். கோவையில் வார்ப்பு, ஓசூரில் லாரி, சென்னையில் உதிரிபாகம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த நாட்டின் பம்ப்செட்டும் பஸ்ஸும் அதில்தான் ஓடின. நம் நாட்டிலும் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்து, டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. அதைச் சாதித்ததும் எஞ்சினியர்கள்தான். கணக்கில் கொண்டு வந்தபின் குறைக்கத் தெரிந்தவர்கள் நாம்.

இப்போது கோரிக்கை. நேற்று நம் லேபைப் போய்ப் பார்த்தேன். எஞ்சின் இருக்கிறது, ப்யூரெட் இருக்கிறது. ஒரு நல்ல ஸ்மோக் மீட்டரும் எக்ஸாஸ்ட் கேஸ் அனலைசரும் இல்லை. நம்ம செட்டும் அடுத்த ரெண்டு செட்டும் சேர்ந்தால் வாங்கிக் கொடுத்துவிடலாம். முதல் பங்கு என்னுடையது. இந்த மாணவர்கள் இனி டீசல் செய்வார்களோ, பேட்டரி செய்வார்களோ, எது செய்தாலும் அதற்கும் ஒரு பேலன்ஸ் ஷீட் உண்டு. அந்தக் கடைசிக் கட்டத்தைக் கழித்து நிரப்பாமல், அளந்து நிரப்பப் பழகட்டும்.

பங்கு தர விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.