தோள் எழும்பாத நாட்கள்

(பேட்டையில் நடந்த நன்கொடையாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



வார்டில் படுக்கை அருகே எங்களிடம் கேட்கப்படும் ஒரு கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கிறோம். "ஆபரேஷன் நல்லா முடிஞ்சிட்டுன்னுதான சொன்னாவ ஐயா, இப்பம் கையத் தூக்க முடியலயே?"

கழுத்தெலும்பு தேய்ந்தோ, அதை ஒட்டிய தசைநார் தடித்தோ தண்டுவடத்தை நெருக்கினால் நடை தள்ளாடும். சட்டைப் பொத்தான் போட விரல் இணங்காது. அத்தகையவர்களுக்கு அறுவை சிகிச்சையால் தண்டுவடத்திற்கு இடம் உண்டாக்குகிறார்கள். பின்புற எலும்பு வளைவைக் கதவுபோல் ஒரு பக்கமாகத் திறந்துவைக்கும் முறை 1970களில் ஜப்பானில் உருவானது. நோயாளி கண்விழித்துக் கைகால்களை அசைக்கிறார். வீட்டார் ஸ்தோத்திரம் சொல்லுகிறார்கள். இரண்டு மூன்று நாள் சென்று, ஒரு காலையில் காப்பி டம்ளர் வாய்வரை எழும்ப மறுக்கிறது.

கழுத்தின் ஐந்தாம் நரம்பே தோளை உயர்த்தும் தசைக்கும் முழங்கையை மடக்கும் தசைக்கும் முக்கியமாகச் செல்லுகிறது. நெருக்கம் நீங்கியதும் தண்டுவடம் சற்றே பின்னுக்கு நகரும். அப்போது குட்டையான இந்த நரம்பு வேர் இழுபடுகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். அது ஒன்றே காரணமென்று மருத்துவர்கள் இன்னும் முடிவுகட்டவில்லை. இவ்வகை அறுவை சிகிச்சை பெறும் நூறு பேரில் ஏறக்குறைய 5 பேருக்கு இது நேரிடுகிறது. பெரும்பாலும் ஒரு கையில் மட்டும்.

"டாக்டர் நரம்பை அறுத்துப்போட்டார்" என்ற பேச்சு உடனே வராந்தாவில் கிளம்பிவிடும். அறுபட்டிருந்தால் கண்விழித்த அன்றே கை விழுந்திருக்குமே! நன்றாயிருந்த கை பிறகு சோருவது, திறமையான கைகளால் செய்த சிகிச்சைக்குப் பின்னும் நேரிடக்கூடியது. ஆனால் கால்களும் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ அது வேறு காரியம். உள்ளே இரத்தம் கட்டித் தண்டுவடத்தை அழுத்தக்கூடும். அந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஜெபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வாதத்தில் விரல்கள் தப்பிவிடுகின்றன. பேட்டை, மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் ஒரு தாயாரை நினைத்துக்கொள்ளுங்கள். மடியில் தட்டை வைத்து அவர் பீடி சுற்றிவிடலாம். தலை சீவவும் பூ வைக்கவும் மகளைக் கூப்பிட வேண்டும். பார்க்கிறவர்கள் "வேலை செய்யுதாளே, என்ன குறை?" என்பார்கள். மோசேயின் கைகளை ஆரோனும் ஊரும் தாங்கினதை நாங்கள் பிரசங்கித்ததுண்டு. ஆனால் மோசேக்கு வந்தது களைப்பு. இவர்களுக்கோ எவ்வளவு ஓய்ந்தாலும் கை எழும்பாது.

பெரும்பாலோர் தேறுகிறார்கள். பலருக்கு ஆறு மாதத்திற்குள். சிலருக்கு ஓரிரு வருஷமும் ஆகிறது. அதுவரை தோள் இறுகிப்போகாதபடி பயிற்சியாளர் சொன்னபடி தினமும் கையை அசைத்துவிட வேண்டும். கையைத் தொங்கவிடாமல் துணிக் கட்டில் தாங்க வேண்டும். எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. எண்ணெய் போட்டுக் கழுத்தை நீவுகிறவரிடம் போகவே கூடாது. சொந்தக்காரர்கள் அன்பினாலே செய்யும் கேடு இது ஒன்றுதான் எங்களுக்குக் கோபமூட்டுகிறது.

அறுவை சிகிச்சைக்குப் பின்னும் பெரிய வேலை உண்டு என்பதை வேலூர் நமக்குக் கற்பித்தது. டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு நடமாட்டம் இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் செயலற்ற கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கியதும் அவர் முயற்சியாலே.

இப்பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போவதால்தான் ஏழைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஆகையால் காணிக்கை தர விரும்புகிறவர்கள் கட்டிலுக்குக் கொடுப்பதுபோல் பஸ் கட்டணத்திற்கும் கொடுங்கள். அதற்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது என்பது மெய்தான்.

எங்கள் பங்குக்கு, ஆபரேஷனுக்கு முந்தின மாலை ஜெபிக்கப் போகையில், கை சோரக்கூடும் என்பதை டாக்டர் சொன்னாரா என்று வீட்டாரிடம் கேட்கிறோம். இல்லையென்றால் நர்சம்மாவிடம் சொல்லி அவரை மறுபடி வரவழைக்கிறோம். அவர் வந்து பேசிமுடித்த பிறகே ஜெபிக்கிறோம்.