சொந்த மனையில் வீடு கட்டத் தடை வந்தால்



பத்திரத்தைப் பெட்டியில் பத்திரப்படுத்தி, ஊராட்சியிலோ நகராட்சியிலோ கட்டட அனுமதியும் பெற்று, நாள் பார்த்து மனை பூஜையும் முடித்து, கடைக்கால் தோண்டக் கொத்தனாரும் ஆட்களும் வந்து நிற்கிற வேளையில், பக்கத்து மனைக்காரரோ தூரத்துப் பங்காளியோ முன்பின் அறியாத நாலு பேரோ குறுக்கே வந்து, ‘இங்கே கட்டக்கூடாது’ என்று சொல்வது நம் தமிழ்நாட்டில் அபூர்வமான சம்பவமன்று. அந்தச் சமயத்தில் மனைக்காரர் செய்யக்கூடியவற்றுள் சற்றும் பிரயோஜனமற்றது வாய்ச்சண்டை. மிகுந்த பிரயோஜனமுள்ளது, வந்தவர் எந்த உரிமையைச் சொல்லித் தடுக்கிறார் என்பதை நிதானமாகக் கேட்டறிவது. அவர் சொல்லும் காரணத்தைப் பொறுத்தே நாம் ஏற வேண்டிய படி நிச்சயமாகிறது.

‘உன் அஸ்திவாரம் என் நிலத்துக்குள் அரையடி வந்துவிட்டது’ என்பாரானால், அது எல்லைத் தகராறு. அதற்கு வக்கீலைக் காட்டிலும் சர்வேயரே முதலில் வேண்டியவர். கட்டணம் செலுத்தி மனுக் கொடுத்தால், நில அளவர் அண்டை நிலத்தாருக்கும் தகவல் கொடுத்து, புல வரைபடத்தின்படி அளந்து எல்லையைக் காட்டுவார். வருஷக்கணக்கில் ஓடியிருக்க வேண்டிய வியாஜ்யம், ஒரு முற்பகல் அளவையோடு அடங்கிவிடுவதும் உண்டு.

‘இந்த மனையே உன்னுடையதன்று’ என்று, ஏதேனும் ஓர் ஆதாரத்தையும் காட்டி ஒருவர் சொன்னால் விஷயம் கனத்துவிடுகிறது. பட்டா என் பெயரில் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள்; பட்டா சுவாதீனத்துக்கு உதவும் சாட்சியமேயன்றி, சொத்துரிமையைத் தானே உண்டாக்கும் பத்திரமாகாது. உரிமையின் மீதே மெய்யான சந்தேகம் எழுந்திருக்கும்போது, தடை உத்தரவு மட்டும் கேட்டு வழக்குப் போடுவது போதாது, உரிமை விளம்புகைப் பரிகாரத்தையும், அதாவது மனை நம்முடையதே என்ற அறிவிப்பையும், சேர்த்துக் கேட்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் பயன்படுவது இங்கேதான்.

உரிமையில் மயக்கமில்லை, சுவாதீனமும் நம்மிடமே இருக்கிறது, எதிராளி இடைஞ்சல் மட்டுமே செய்கிறார் என்றால், 1963-ஆம் வருஷத்துக் குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி, உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது ஜனங்கள் ‘இஞ்சங்ஷன்’ என்று சொல்லும் தடை உத்தரவைக் கோரலாம். வழக்கு முடியும்வரை செங்கலும் சிமெண்டும் காத்திராவாகையால், அதனுடனேயே தற்காலிக உறுத்துக்கட்டளைக்கும் மனுச் செய்வது வழக்கம். அதை விசாரிக்கும் நீதிபதி, மேற்பார்வைக்கு நம் பக்கம் நியாயம் இருக்கிறதா, உத்தரவு மறுக்கப்பட்டால் அதிக அசௌகரியம் யாருக்கு, பிற்பாடு பணத்தால் ஈடுகட்ட முடியாத நஷ்டம் நேருமா என்ற மூன்றையும் சீர்தூக்கிப் பார்ப்பார். சாதாரணமாக எதிர்த்தரப்புக்கு அறிவிப்புக் கொடுத்த பின்பே உத்தரவு பிறக்கும். தாமதித்தால் மனுவின் நோக்கமே கெட்டுப்போகும் என்று கண்டால், காரணத்தை எழுதி, ஒருதரப்பாகவும் உத்தரவிடலாம். மனையின் அப்போதைய நிலையைப் பார்த்து அறிக்கை தர ஆணையர் ஒருவரை அனுப்பும்படியும் கேட்கலாம். ஆனால் நீதிமன்றத்தை அணுகுகிறவருடைய கைகள் சுத்தமாக இருக்க வேண்டும்: அனுமதித்த வரைபடத்தை மீறி, பக்க இடைவெளியை விழுங்கிக் கட்டுகிறவருக்கு, அவருடைய நடத்தையையே காரணமாக்கி உத்தரவு மறுக்கப்படலாம்.

கிடைத்த உத்தரவை எதிராளி மீறினால் சொத்து ஜப்தியும், 3 மாதம் வரை சிவில் சிறையும் உண்டு. கட்டடப் பணிக்குப் போலீஸ் பாதுகாப்பு அளிக்கும்படி நீதிமன்றத்திடமே மனுச் செய்யவும் இடமிருக்கிறது. காவல் நிலையத்துக்கு நேரே போகிறவர்கள், ‘இது சிவில் விஷயம், கோர்ட்டுக்குப் போங்கள்’ என்ற பதிலோடு திரும்புவது சகஜம். பல சமயங்களில் அந்தப் பதில் சரியுங்கூட. ஆயினும், ‘இத்தனை ரூபாய் கொடுத்தால்தான் கட்டவிடுவோம்’ என்று மிரட்டுவதும், ஆள் திரட்டி மனைக்குள் அத்துமீறி நுழைவதும் குற்றங்களே. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவற்றுக்குத் தண்டனை உண்டு. அங்கே புகாரை வாங்கமாட்டேன் என்பதற்கு நியாயமில்லை.

மனையிலிருந்தே பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், 6 மாதத்துக்குள் வழக்கிட்டால், உரிமையை நிரூபிக்கும் பாரமின்றியே, முன்பிருந்த சுவாதீனத்தை மட்டும் காட்டி அதைத் திரும்பப் பெறலாம். அரசாங்கத்துக்கு எதிராக மட்டும் இந்த வழி இல்லை.

சில வேளை நாம் கோர்ட்டுக்குப் போவதற்கு முன் எதிராளி போய்விடுவார்; நமக்குத் தெரியாமலே நம் கட்டடத்துக்குத் தடை வாங்கிவிடுவாரோ என்ற அச்சம் இருந்தால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவின்கீழ் ‘கேவியட்’ எனப்படும் முன்னெச்சரிக்கை மனுவைத் தாக்கல் செய்துவைக்கலாம். அது 90 நாள் செல்லும். அதற்குள் அவர் மனுச் செய்தால் நமக்கு அறிவிப்பு வந்தாக வேண்டும். செலவு சொற்பமான இந்த உபாயத்தைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் ஏனோ குறைவாகவே இருக்கிறார்கள்.

‘நீ மாடி எழுப்பினால் என் ஜன்னலுக்கு வெளிச்சம் வராது’ என்ற ஆட்சேபணையும் அடிக்கடி எழுவது. 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி, 20 வருஷம் இடையறாமல் அனுபவித்த வெளிச்சத்துக்கே அந்தப் பாத்தியதை; அதிலும், கொஞ்சம் குறைந்தது என்றால் போதாது, வீட்டில் வசிப்பதற்கே மெய்யான இடைஞ்சல் நேர வேண்டும். நேற்றுத் திறந்த ஜன்னலைக் காட்டி இன்று ஒருவர் நம் சுவரை நிறுத்திவிட முடியாது.

வழக்கு நடக்கும் காலத்தில் இரு தரப்பும் இணங்கினால் மக்கள் நீதிமன்றத்தில் சமாதானம் செய்துகொள்ளலாம். கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அங்கே பிறக்கும் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாதாகையால், இத்தனை அடி, இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை என்று அளவுகளைக் குறித்த வரைபடத்தை ஒப்பந்தத்தோடு இணைத்து, அதிலும் இரு தரப்பாரும் கையொப்பமிட்டுவிட வேண்டும்.